ஒட்டுவதற்கு முந்திப் பார்க்க வேண்டியவை

பேராதனையிலிருந்து கலஹா ஏறி தெல்தோட்டைக்கு வரும் லொறி டிரைவர்கள் எங்கள் கராஜில் சொல்வது பெரும்பாலும் ஒரே கதைதான். "பாஸ், சேசிஸ்ல ஒரு சின்ன வெடிப்பு. ஒட்டிக் குடுத்தீங்கன்னா பொழுதுக்குள்ள கொழுந்து ஏத்தப் போயிருவேன்." ஒட்டுவது பெரிய வேலையில்லை. வெல்டிங் பிளான்ட் இருக்கிறது, ரொட் இருக்கிறது, கையும் பழகியிருக்கிறது. ஆனால் வெடிப்பு ஏன் அந்த இடத்தில் வந்தது என்று தெரியாமல் ஒட்டினால், ஒட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு வெடிப்போடு அதே லொறி திரும்பி வரும். இந்தத் தொழிலைப் பழக நினைக்கிற பையன்களுக்காக, ரொட்டைக் கையில் எடுப்பதற்கு முந்திச் செய்ய வேண்டியதைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் ரோட்டைப் பற்றிச் சொல்லாமல் லொறியைப் பற்றிச் சொல்ல முடியாது. ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் 19 ஏக்கரில் தேயிலை போட்ட லூல்கந்துர எங்களுக்குப் பக்கத்து மலை. தோட்டத்துக்குள் போகிற பாதைகளில் பல இன்றும் ஒரு லொறி அகலம்தான். மழைத் தண்ணீர் இறங்கக் குறுக்கே கான் வெட்டியிருக்கும். வளைவில் வரும் லொறி அந்தக் கானை நேராகக் கடக்காது, சரிவாகத்தான் இறங்கும். முன் இடது வீல் கானுக்குள் போகும்போது பின் இடது வீல் மேட்டில் நிற்கும். ஈரத் துணியைப் பிழிவதுபோல அந்த நேரத்தில் சேசிஸ் முறுகும். கொழுந்து பாரமில்லாத சாமான். லொறிக் கூட்டை நிறைத்தாலும் எடை அவ்வளவு ஏறாது. லொறியைத் தின்பது மற்ற நடைகள்தான். பேக்டரி அடுப்புக்கு விறகு, மலைக்கு உரம், கட்டட வேலைக்கு மணலும் கல்லும்.

எங்கள் ரோட்டில் ஓடும் டாட்டா 1210 லொறியின் பெயரில் உள்ள 12, லொறியின் சொந்த எடையும் சேர்ந்த மொத்த எடை. 12 தொன் ஏற்றலாம் என்று நினைத்து மணல் போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். இந்த லொறிகளும் பழைய லேலண்டுகளும் இன்னும் ஓடுவதற்குக் காரணம் பாசம் மட்டுமில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. பிறகு பழையது எதையும் யாரும் கழிக்கவில்லை. எல்லாம் கராஜுக்கு வந்தன. கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் கிடைக்கிற பழைய சாமானை வைத்து ஓட வைத்தோம்.

எனக்குத் தொழில் பழக்கியவரை நாங்கள் எல்லாரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். லொறி வந்ததும் நாங்கள் தண்ணீர்க் குழாயை இழுத்தால் சத்தம் போடுவார். "கழுவாதடா. அழுக்குலதான் எல்லாம் எழுதியிருக்கு." உண்மைதான். சேசிஸ் பாரின் கறுப்புச் சேற்றில் செம்பழுப்பு நிறத்தில் ஒரு மெல்லிய கோடு இறங்கியிருந்தால், உள்ளே இரும்போடு இரும்பு உரசித் துரு கக்குகிறது என்று அர்த்தம். ரிவெட் தலையைச் சுற்றிச் செம்பொடி வளையம் இருந்தால் அந்த ரிவெட் தளர்ந்துவிட்டது. யூ போல்ட் நட்டுக்குக் கீழே பளபளவென்று தேய்ந்த இடம் தெரிந்தால் ஸ்பிரிங் பட்டைகள் அசைகின்றன. இதெல்லாம் ஒரு வாளித் தண்ணீரில் போய்விடும். முதலில் டோர்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, லொறியைச் சுற்றி ஒரு முறை, கீழே படுத்து ஒரு முறை பாருங்கள். பார்த்த இடத்தையெல்லாம் சோக்கால் குறியுங்கள். பிறகு கழுவலாம்.

அடுத்தது டிரைவரிடம் பேச்சு. வெடிப்பைப் பற்றிக் கேட்காதீர்கள். அதைத்தான் அவரே சொல்லிவிட்டாரே. பிரேக் போட்டால் எந்தப் பக்கம் இழுக்கிறது? கியர் மாற்றும்போது பின்னால் 'டங்' என்று ஒரு சத்தம் வருகிறதா? பின் டயர் எந்தப் பக்கம் அதிகம் தேய்கிறது? கடைசியாக என்ன ஏற்றினீர்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் மெதுவாகத்தான் வரும். முதலாளி பக்கத்தில் நின்றால் வரவே வராது. ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்து, முதலாளி அந்தப் பக்கம் போனபின் கேட்க வேண்டும்.

பிறகு அளவு. சமமான சீமெந்துத் தரையில், பாரம் இல்லாமல், இரண்டு பக்க டயருக்கும் ஒரே காற்று வைத்து லொறியை நிறுத்துங்கள். பின் ஹப்பின் நடுவிலிருந்து சேசிஸ் பாரின் கீழ் விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்து எழுதுங்கள். ஒரு பக்கம் இறங்கியிருந்தால் அந்தப் பக்க ஸ்பிரிங் களைத்துவிட்டது, அல்லது உள்ளே ஒரு பட்டை உடைந்திருக்கிறது. அடுத்து, முன் ஹப்புக்கும் பின் ஹப்புக்கும் இடையிலான நீளத்தை இரண்டு பக்கமும் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் எக்ஸல் நகர்ந்திருக்கிறது. ஸ்பிரிங் பட்டைகளைக் கோத்திருக்கும் சென்டர் போல்ட் அறுந்த லொறி ரோட்டில் சற்றுக் கோணலாகப் போவது பின்னால் வருகிறவனுக்குத் தெரியும், ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. கடைசியாகத் தூக்குக் குண்டு. சேசிஸின் இரண்டு பக்கமும் ஒரே வரிசை எண்ணில் உள்ள ஓட்டைகளிலிருந்து குண்டை இறக்கித் தரையில் புள்ளி வைத்து, மூலைக்கு மூலை நூல் பிடியுங்கள். இரண்டு மூலை நீளமும் ஒத்துவராவிட்டால் சேசிஸ் சதுரம் இழந்துவிட்டது. அப்படிப்பட்ட சேசிஸில் வெடிப்பை மட்டும் ஒட்டிப் பயனில்லை.

இனி ஸ்பிரிங். பையன்கள் உடைந்த பட்டையைக் கழற்றியவுடன் பழைய இரும்புக் குவியலில் எறிந்துவிடுகிறார்கள். எறிய வேண்டாம், உடைந்த முகத்தைப் பாருங்கள். ஒரு பகுதி கறுத்து மழமழப்பாக இருக்கும். அது மாதக் கணக்கில் மெதுவாக வெடித்து வந்த பகுதி. மற்றது சீனிக் கட்டி உடைந்ததுபோல வெள்ளையாகப் பொடிப்பொடியாக இருக்கும். அது கடைசி நாள் ஒரே அடியில் முறிந்தது. கறுப்புப் பகுதி பெரிதாக இருந்தால் யாரும் கீழே குனிந்து பார்க்கவில்லை என்று அர்த்தம். முழுவதும் வெள்ளையாக இருந்தால் பாரமோ பள்ளமோ ஒரே அடியில் உடைத்திருக்கிறது.

எங்கே உடைந்தது என்பதும் முக்கியம். சென்டர் போல்ட் ஓட்டையில் உடைந்திருந்தால் முதல் சந்தேகம் தளர்ந்த யூ போல்ட் மேல். யூ போல்ட் இறுக்கமாக இருந்தால் அந்த நடுப்பகுதி எக்ஸலோடு ஒரே கட்டாக நிற்கும், ஓட்டையில் வளைவே இருக்காது. தளர்ந்தவுடன் பட்டையில் மிகவும் பலவீனமான இடமான ஓட்டையே வளையத் தொடங்கும். யூ போல்ட்டுக்கு வெளியே உடைந்திருந்தால் அதிக பாரம், அல்லது வயசு. இது தெரியாமல் புதுப் பட்டை போட்டுப் பழைய யூ போல்ட்டையே திரும்ப மாட்டினால் காசு இரண்டு முறை போகும். யூ போல்ட் ஒரு முறை நீண்டால் நீண்டதுதான். நூலும் தேய்ந்திருக்கும். நட்டு இறுகியதுபோலக் கைக்குத் தெரியும், பட்டை இறுகியிருக்காது. புதியது வாங்கச் சொல்லுங்கள். குறுக்கும் மறுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

இறங்கிய ஸ்பிரிங்கை காஸ் டோர்ச்சால் சூடாக்கி வளைத்து உயர்த்திக் கொடுக்கிற இடங்கள் இருக்கின்றன. கராஜை விட்டுப் போகும்போது லொறி அழகாக நிமிர்ந்து நிற்கும். சூடு பட்ட இடத்தில் பதம் போய்விட்டதால், இரண்டு மணல் நடையில் முன்பைவிடக் கீழே உட்காரும். பட்டையை வளைக்க வேண்டுமென்றால் பச்சையாக, சம்மட்டியால், இடம் விட்டு இடம் தட்டி வளைக்கிற பட்டறைக்காரரிடம் கொடுங்கள். அவர் கையை ஒரு நாள் பக்கத்தில் நின்று பாருங்கள். பட்டையை மாதிரியோடு வைத்து வெளிச்சத்தில் பார்ப்பார், தட்டுவார், திரும்பப் பார்ப்பார். வெளிச்சம் எங்கும் ஊடுருவாமல் பட்டை பட்டையோடு உட்காரும்வரை விடமாட்டார். ஸ்பிரிங் பட்டையில் வெல்டிங் வைக்கவே கூடாது. பட்டைக்குப் பக்கத்தில் வெல்டிங் செய்யும்போது தீப்பொறி விழாமல் ஈரச் சாக்குப் போடுங்கள். ஒரு பொட்டு உருகிப் பிடித்தாலும் பிறகு அந்த இடத்திலிருந்துதான் வெடிக்கும்.

ஸ்பிரிங்கின் பின் நுனியைச் சேசிஸோடு சேர்க்கும் ஷக்கிளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் டாட்டா 1210 ஒரு முறை வந்தது. பின் இடது ஸ்பிரிங்கின் முன் ஹெங்கருக்கு மேலே சேசிஸ் வெடித்திருந்தது. வேறொரு கராஜில் ஏற்கெனவே இரண்டு முறை ஒட்டி, மேலே பிளேட்டும் வைத்திருந்தார்கள். பிளேட்டின் ஓரத்திலிருந்து புது வெடிப்பு கிளம்பியிருந்தது. நான் ஹெங்கரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நானா பின்னால் போனார். ஷக்கிளிலும் அதன் பிரக்கெட்டிலும் சேர்த்து வெள்ளைப் பெயின்டால் ஒரு நேர்கோடு போட்டார். "போய் வெறகு ஏத்திட்டு வரச் சொல்லு" என்றார்.

லொறி பாரத்தோடு வந்தது. வலது பக்கத்தில் கோடு இரண்டாகப் பிரிந்து, ஷக்கிள் பின்னால் சாய்ந்திருந்தது. இடது பக்கத்தில் கோடு போட்டபடியே நேராக இருந்தது. பாரம் ஏறினால் வளைந்த ஸ்பிரிங் நிமிரும்; நிமிர்ந்தால் நீளும்; நீள்வதற்கு இடம் கொடுப்பதுதான் ஷக்கிளின் வேலை. இடது பக்க ஷக்கிள் பின் துருவேறி புஷ்ஷோடு ஒன்றாகிவிட்டது. நீள இடமில்லாத ஸ்பிரிங் ஒவ்வொரு கானிலும் முன் ஹெங்கரை உதைத்திருக்கிறது. ஏன் துருவேறியது? கிறீஸ் நிப்பிளின் மேல் யாரோ அழகாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். ஒரு நிப்பிளை அடைத்த பெயின்ட் சேசிஸை மூன்று முறை வெடிக்க வைத்திருக்கிறது. அந்தப் பின்னைக் கழற்றத்தான் எங்களுக்கு நேரம் பிடித்தது. ஒட்டியது கடைசி வேலை.

கிறீஸ் அடிப்பதிலும் ஒரு கைப்பழக்கம் இருக்கிறது. லொறி தன் வீலில் நிற்கும்போது பின்னின் ஒரு பக்கம் புஷ்ஷோடு நெருங்கி அமுங்கியிருக்கும். கிறீஸ் சும்மா இருக்கிற பக்கத்தால் வழிந்துவிடும், தேய்கிற பக்கத்துக்குப் போகாது. சேசிஸை ஜக்கால் தூக்கி, ஸ்டாண்ட் வைத்து, ஸ்பிரிங்கைத் தொங்கவிட்டு அடியுங்கள். பழைய கறுப்புக் கிறீஸ் முழுதும் வெளியே வந்து, புதியது நிறம் மாறாமல் வரும்வரை அடியுங்கள். பின்னும் புஷ்ஷும் தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதும் அதே நேரத்தில்தான். சின்ன அலவாங்கை ஷக்கிளுக்குக் கீழே கொடுத்து நெம்பினால் ஆட்டம் தெரியும். கண்ணால் பார்ப்பதைவிட விரலை இடுக்கில் வைத்து நெம்பச் சொன்னால் நன்றாகத் தெரியும். ஒன்று மட்டும்: ஜக்கை மட்டும் நம்பி லொறிக்குக் கீழே போகிற பையனை நான் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவேன்.

இப்போது சேசிஸ். பாரம் ஏறிய லொறியில் முன் வீலுக்கும் பின் வீலுக்கும் இடையில் சேசிஸ் கீழ்நோக்கித் தொய்யும். கீழ் விளிம்பு இழுபடும், மேல் விளிம்பு அமுங்கும். பின் எக்ஸலுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் பாரம் தொங்கினால் நேர்மாறு. அங்கே மேல் விளிம்பு இழுபடும். இரும்பு இழுபடும் பக்கத்திலிருந்துதான் வெடிக்கும். அதனால் வெடிப்பு மேலிருந்து வந்ததா கீழிருந்து வந்ததா என்று பாருங்கள். எக்ஸலுக்குக் கிட்ட, மேல் விளிம்பிலிருந்து கீழே இறங்கும் வெடிப்பைக் கண்டால், கூட்டை நீட்டிக் கட்டியிருக்கிறார்களா, பாரத்தைப் பின்னால் ஏற்றுகிறார்களா என்று விசாரியுங்கள். பாரின் நடுப்பகுதியில் இழுப்பும் அமுக்கமும் குறைவு. கம்பனிக்காரன் ஓட்டையெல்லாம் அங்கே போட்டதற்கும், விளிம்பில் ஓட்டை போடாதே என்று நாங்கள் கத்துவதற்கும் காரணம் அதுதான்.

தேட வேண்டிய இடங்களை வரிசையாகப் பழகிக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் ஹெங்கர்களின் ரிவெட் வரிசை, குரொஸ் மெம்பர் சேரும் மூலை, கெபினுக்குப் பின்னால் கூட்டின் அடிமரம் தொடங்கும் இடம், பழைய ஒட்டு இருக்கும் எல்லா இடமும். அடிமரத்தின் நுனியைச் சரிவாகச் சீவாமல் மொட்டையாக விட்டால் பாரமெல்லாம் அந்த ஒரே கோட்டில் இறங்கும். கூட்டைப் பிடிக்கும் யூ போல்ட்டை இறுக்கும்போது பாருக்குள் கட்டை வைக்காவிட்டால் விளிம்பு உள்ளே மடியும். மடிந்த இடம் பிறகு வெடிக்கும். ரிவெட்டைச் சோதிக்க ஒரு பக்கத் தலையில் விரலை வைத்து மறுபக்கத் தலையைச் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். நல்ல ரிவெட் விரலுக்கு ஒன்றும் சொல்லாது. தளர்ந்தது துள்ளும்.

வெடிப்பா கீறலா என்று சந்தேகம் வந்தால், கம்பி பிரஷ்ஷால் இரும்பு தெரியத் தேய்த்து, மண்ணெண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் விட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு, சோக்குப் பொடியைப் பூசுங்கள். வெடிப்புக்குள் போன எண்ணெய் மெதுவாக ஊறி வெளியே வந்து, வெள்ளையில் தலைமயிர் போல ஒரு ஈரக்கோடு போடும். பக்கத்தில் பையனை விட்டுச் சுத்தியலால் மெல்லத் தட்டச் சொன்னால் இன்னும் விரைவாகத் தெரியும். இப்போது சிவப்புச் சாயமும் வெள்ளைத் தெளிப்பானும் டின்னில் கிடைக்கிறது. அதுவும் இதே வேலைதான், இன்னும் துல்லியமாக. அந்தக் கோடு எங்கே முடிகிறது என்பதுதான் உங்களுக்கு வேண்டியது. கண்ணுக்குத் தெரிந்த முடிவுக்குச் சற்று அப்பால் 6 முதல் 8 மில்லிமீட்டர் ஓட்டை போட்டால்தான் வெடிப்பு அதைத் தாண்டிப் போகாது. நுனியைத் தவறவிட்டால் ஓட்டை போட்டதும் வீண்.

வெடிப்போடு துருவையும் தேட வேண்டும். பழைய லொறி வாங்கப் போகிறவர்கள் என்னைக் கூட்டிப் போனால், முதலில் பாரின் உட்பக்கத்தைத்தான் தடவுவேன். வெளிப்பக்கம் புதுப் பெயின்டில் மின்னும். புத்தளம் பக்கம் உப்பு ஏற்றிய லொறியும் தோட்டத்தில் உரம் ஏற்றிய லொறியும் உள்ளிருந்து கரையும். இரட்டைப் பார் வைத்த இடத்தில் இரண்டுக்கும் நடுவில் துரு பொங்கிப் பாரையே விலக்கியிருக்கும். ஸ்கேலை நேராக வைத்தால் மேடு தெரியும். பிட்னஸ் எடுத்த பத்திரம் இருக்கிறது என்று விற்பவர் காட்டுவார். அது சோதித்த நாளின் கணக்கு. அதற்குப் பிறகு ஏற்றிய மணலின் கணக்கு அதில் இருக்காது.

இவ்வளவும் பார்த்துக் காரணத்தையும் திருத்திய பிறகுதான் ரொட். பேட்டரி வயரைக் கழற்றுங்கள், டீசல் டேங்கை இறக்குங்கள், பாரத்தை எடுத்துச் சேசிஸை நிமிர்த்தி ஸ்டாண்டில் வையுங்கள். வெடிப்பை வி வடிவில் அடிவரை அரைத்துத் திறவுங்கள். சாதாரண 6013 ரொட் சுலபமாகப் பிடிக்கும், ஆனால் இந்த வேலைக்கு 7018 தான். அது ஈரம் தாங்காது. மழைக்காலத்தில் எங்கள் ஊரில் உப்புக்கூடத் தண்ணீராகிவிடும். அதனால் நானா ஒரு மரப்பெட்டிக்குள் குண்டு பல்ப் எரியவிட்டு, அதில்தான் ரொட்டை வைப்பார். உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் நிரப்பி, மேட்டைச் சேசிஸ் ஓடுகிற திசையிலேயே கிரைண்டர் பிடித்து மட்டமாக்குங்கள். குறுக்கே அரைத்த ஒவ்வொரு கோடும் அடுத்த வெடிப்புக்கு வழி. பலத்துக்குப் பிளேட் வைத்தால் நுனிகளைச் சரிவாக வெட்டுங்கள், பாரின் நடுப்பகுதியில் போல்ட் போடுங்கள், விளிம்புக்குக் குறுக்கே வெல்டிங் இழுக்காதீர்கள். மொட்டையாக வெட்டிய பிளேட், வெடிப்பைக் கொஞ்சம் தள்ளி வைக்கும், அவ்வளவுதான்.

காசு வாங்கும்போது டிரைவரிடம் இரண்டு விஷயம் சொல்லி அனுப்புங்கள். முதல் பார நடை முடிந்ததும் யூ போல்ட் இறுக்க வர வேண்டும். அதற்குக் காசு இல்லை. ஒரு மாதம் கழித்து, கழுவாமல் வர வேண்டும். வந்ததும் உங்கள் ஒட்டைப் பார்க்காதீர்கள். நீங்கள் ஒட்டியது உங்களுக்கு எப்போதும் நல்லதாகத்தான் தெரியும். அளவுப் புத்தகத்தைத் திறந்து ஹப்பிலிருந்து விளிம்பு வரை மறுபடி அளவெடுங்கள், ஷக்கிள் கோட்டைப் பாருங்கள், ரிவெட்டைத் தட்டுங்கள். அந்த அளவுகள் மாறாமல் இருந்தால் ஒட்டும் நிற்கும்.